அவர்கள் தின்றது வேறு, நாம் வாங்குவது வேறு

"ஏனுங்க மேடம், இந்தக் கருப்புச் சாக்லேட்டு தின்னா சர்க்கரை எறங்குதாமா? பேரன் போன்ல காட்டுனானுங்க."

பொள்ளாச்சியில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவுமுறை எழுதிக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் பாகற்காய்ச் சாறு, ஊறவைத்த வெந்தயம், ஆவாரம்பூக் கஷாயம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது டார்க் சாக்லேட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். பிரஷர் குறையும், இதயம் பலப்படும், ரத்தம் ஊறும், எடைகூடக் குறையும் என்று அவர்களுக்கு யாரோ அனுப்பிய காணொளி சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத் தினமும் பாதிக் கட்டி தின்பவர்களையும் பார்க்கிறேன். சாக்லேட் என்ற பேரைக் கேட்டாலே நஞ்சு என்று பேரக்குழந்தையின் கையிலிருந்து பிடுங்கி எறிபவர்களையும் பார்க்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் பிறந்த வீடு ஆனைமலைப் பக்கம். அப்பா தென்னந்தோப்பில் கோகோவை ஊடுபயிராக வைத்தவர். கொட்டை மரத்திலிருந்து இறங்கி சாக்கு மூட்டையில் போகும்வரை அதற்கு என்னென்ன நடக்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிறகு படித்த படிப்பு, அந்தக் கொட்டை மனித ரத்தக் குழாயில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. டார்க் சாக்லேட்டைப் பற்றிய குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கோகோக் காய் கிளை நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலேயே பலாக்காய் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கும். பழுத்த காயை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சதை மூடிய முப்பது நாற்பது கொட்டைகள் இருக்கும். சதை புளிப்பும் இனிப்புமாக அருமையாக இருக்கும். சிறுவயதில் அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவோம். கொட்டையைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாக்கு சுருங்கிப்போகும். குறுக்கே வெட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம். அந்த நாக்குச் சுருக்கத்துக்குப் பெரும் காரணமான ஃபிளவனால் என்ற பொருட்களைத்தான் இன்று உலகமே கோகோவின் மருந்து என்று கொண்டாடுகிறது. அவற்றில் முக்கியமானது எபிகேட்டச்சின்.

இந்தப் பச்சைக் கொட்டையில் சாக்லேட் வாசனை துளியும் கிடையாது. அது வர வேண்டுமென்றால் கொட்டையைச் சதையோடு பெட்டியில் கொட்டி, வாழையிலை மூடிப் புளிக்க வைக்க வேண்டும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிட வேண்டும். உள்ளே சூடு 45, 50 டிகிரிவரை ஏறும். கை வைத்தால் சுரீரென்று இருக்கும். ஆறாம் நாள் எடுத்து வெயிலில் பரப்பும்போது கத்தரிப்பூ நிறம் பழுப்பாக மாறியிருக்கும். நன்றாகப் புளித்திருக்கிறதா என்று பார்க்க அப்பா ஒரு கொட்டையை வெட்டி நிறம் பார்ப்பார். கத்தரிப்பூ நிறம் மிச்சமிருந்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார். அந்த நிறம் போகிற அதே வேளையில் ஃபிளவனாலும் பெருமளவு கரைந்தும் மாறியும் போகிறது. பிறகு தொழிற்சாலையில் வறுக்கிறார்கள். அப்போது இன்னும் கொஞ்சம் போகிறது.

கடைசி அடி, காரப்பொருள் சேர்ப்பது. கோகோத் தூள் இயல்பில் புளிப்பானது, நிறம் வெளிறியது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருளால் அதைப் பக்குவப்படுத்தினால் புளிப்பும் துவர்ப்பும் அடங்கி, நிறம் ஆழ்ந்த கருப்பாகும், பாலில் சுலபமாகக் கலக்கும். 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் கொண்டுவந்த முறை இது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கடைகளில் விற்ற கோகோத் தூள்களை அளந்து பார்த்தது. காரப்பொருள் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. அதிகமாகச் சேர்த்த தூளில் இருந்தது 3.9 மில்லிகிராம். ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு போயேவிட்டது. கருப்பாக இருப்பதால் சத்து அதிகம் என்று நினைக்கிறோமே, அது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இந்த ஓர் அளவே போதும். அடர்ந்த கருப்பு, பல நேரங்களில், சத்தைக் கழுவி எடுத்த அடையாளம்.

சுவைக்காகத்தான் இத்தனையும் செய்கிறார்கள். அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். புளிக்காத கொட்டையில் சாக்லேட் செய்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால், சுவைக்காகக் கழித்துவிட்ட பொருளின் பெயரைச் சொல்லியே பிறகு விற்கும்போது, வாங்குகிறவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஃபிளவனாலுக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது? பனாமா நாட்டின் கரீபியன் கரையோரம் சிறுசிறு தீவுகளில் குனா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவர் நார்மன் ஹாலன்பெர்க் 1990-களில் அவர்களிடையே ஆய்வு செய்தார். தீவிலேயே இருக்கும் குனாக்களுக்கு வயதானாலும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. பிழைப்புக்காகப் பனாமா நகரத்துக்குக் குடிபோனவர்களுக்கு மற்றவர்களைப் போலவே ஏறியது. உப்பைத் தீவுக்காரர்கள் குறைத்துச் சாப்பிடவும் இல்லை. அப்படியானால் இது பரம்பரைக் கொடுப்பினை இல்லை, வாழ்முறையில் ஏதோ இருக்கிறது என்று தேடியபோது கண்ணில் பட்டது அவர்கள் குடித்த கோகோ பானம். அதிகம் பதப்படுத்தாத கோகோ அது என்றார்கள் ஆய்வாளர்கள். தீவு வாழ்க்கையில் மீனும் உண்டு, உடல் உழைப்பும் உண்டு, மன அமைதியும் உண்டு. எல்லாப் பெருமையையும் கோகோவுக்கே எழுதிவிட முடியாது. ஆனாலும் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது.

ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது சுரந்தால் குழாய் தளர்ந்து விரியும். எபிகேட்டச்சின் அந்தச் சுரப்பைத் தூண்டுகிறது. கோகோ பானம் குடித்தவர்களின் கை ரத்தக் குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் கூடுதலாக விரிவதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோகோ ரத்தக் குழாய்க்கு நல்லது செய்யக்கூடியது என்பது உண்மையான அறிவியல். எவ்வளவு நல்லது, எந்தக் கோகோ, எந்த அளவில் என்பதில்தான் பேச்சு.

ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தில் 44 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2007-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு அழுத்தம் இயல்பைவிடச் சற்றே கூடுதல். ஒரு பிரிவுக்குத் தினமும் 6.3 கிராம் டார்க் சாக்லேட், இன்னொரு பிரிவுக்கு வெள்ளைச் சாக்லேட். 18 வாரத்தின் முடிவில் டார்க் சாக்லேட் தின்றவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரி 2.9 புள்ளி குறைந்திருந்தது. 6.3 கிராம் என்றால் கட்டியில் ஒரு சிறு துண்டு. இந்த ஆய்வை மேற்கோள் காட்டிவிட்டுப் பாதிக் கட்டி தின்னச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆய்வு செய்தவர்கள் துண்டைத்தான் கொடுத்தார்கள்.

இதுபோன்ற 35 சோதனைகளைச் சேர்த்து எடைபோட்டு, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வமைப்பு 2017-இல் முடிவு சொன்னது. கோகோவால் ரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறது. ஏற்கெனவே உயர் அழுத்தம் இருப்பவர்களுக்கு 4 புள்ளிவரை இறங்கலாம். ஊரே சேர்ந்து 2 புள்ளி இறங்கினால் அது பெரிய விஷயம். தனி ஒருவருக்கு அது உணவில் உப்பைக் குறைத்தாலே கிடைக்கக்கூடியது. 160 இருப்பவர் 156 ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் அது உயிரோடு விளையாடுவது. அப்படி நிறுத்திவிட்டு வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய சோதனை ஒன்று நடந்தது. காஸ்மாஸ் என்று பெயர். அமெரிக்காவில் 21,442 முதியவர்கள். ஒரு பாதிக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால், மறுபாதிக்கு வெற்றுக் குளிகை. சராசரியாக மூன்றரை ஆண்டு கொடுத்துப் பார்த்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய, ரத்தக் குழாய் நோய்களைச் சேர்த்துப் பார்த்தால் 10 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒதுக்க வேண்டிய அளவு. இதய, ரத்தக் குழாய் நோயால் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் 27 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் செய்திதான், இன்னொரு சோதனையில் உறுதிப்பட வேண்டும். ஞாபக சக்தி கூடவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வருவதும் குறையவில்லை.

இந்தச் செய்தி நம் ஊர்வரை வந்து சேர்ந்தபோது "சாக்லேட் இதயத்தைக் காக்கும்" என்று ஆகியிருந்தது. அந்த 21,442 பேரில் ஒருவருக்கும் ஆய்வுக்காரர்கள் சாக்லேட் கொடுக்கவில்லை. அவர்கள் விழுங்கியது கோகோவிலிருந்து சாறெடுத்து நிரப்பிய குளிகை. அதில் சர்க்கரை இல்லை, கொழுப்பும் அநேகமாக இல்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் சாக்லேட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனத்தின் பிரிவும் உண்டு. அதை மறைக்கவில்லை, ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கிறது. பணம் கொடுத்ததால் முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோகோ ஆராய்ச்சியின் பெரும் பகுதி சாக்லேட் விற்கிறவர்களின் பணத்தில் நடந்திருக்கிறது. எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, எது கேட்கப்படாமல் விடப்படுகிறது என்பதில் அதற்குப் பங்கு இருக்கும்.

அரசு அமைப்புகள் எவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுகின்றன என்று பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல், தினமும் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ரத்தக் குழாயின் நெகிழ்ச்சிக்கு உதவும் என்று ஏற்றுக்கொண்டது. ஃபிளவனால் அதிகமுள்ள தூளாக இருந்தால் 2.5 கிராமிலும், ஃபிளவனால் அதிகமுள்ள டார்க் சாக்லேட்டாக இருந்தால் 10 கிராமிலும் அது கிடைத்துவிடும் என்றது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2023-இல் இன்னும் இறுக்கிப் பிடித்தது. இயற்கையான ஃபிளவனால் குறைந்தது 4 சதவீதம் உள்ள கோகோத் தூளுக்கு மட்டும் இதயத்துக்கு நல்லது என்ற பாணியில் எழுதிக்கொள்ளலாம். அதையும் சான்று மிகக் குறைவு என்று சேர்த்தே எழுத வேண்டும். சாதாரணக் கோகோத் தூளுக்கும் சாக்லேட்டுக்கும் இது பொருந்தாது என்று தெளிவாகச் சொன்னது.

சர்க்கரை நோய் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் மேசைக்கு எதிரே கேட்கப்படுவது அதுதான். அந்தப் பேரன் காட்டிய செய்திக்கு மூலம் எதுவென்று எனக்குத் தெரியும். 2024 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் செவிலியர்களும் மருத்துவத் துறையினருமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தைப் பல்லாண்டு காலம் கேட்டுக் குறித்துவைத்த தரவு அது. வாரம் ஐந்து முறையாவது டார்க் சாக்லேட் தின்றவர்களுக்கு, அரிதாகத் தின்றவர்களைவிட, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தது 21 சதவீதம் குறைவு. பால் சாக்லேட்டில் அந்தப் பலன் இல்லை, எடைதான் கூடியது.

இது கவனித்துக் குறித்த ஆய்வு, கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. டார்க் சாக்லேட்டைத் தேடி வாங்குபவர் பெரும்பாலும் காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிடுபவராக, நடைப்பயிற்சி போகிறவராக இருப்பார். அதையெல்லாம் கணக்கில் கழித்தார்கள்தான்; ஆனாலும் முழுக்கக் கழித்துவிட முடியாது. குளிகை கொடுத்துப் பார்த்த காஸ்மாஸில் சர்க்கரை நோய் குறையவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஆய்வு நோய் வராதவர்களுக்கு வருமா என்று பார்த்தது. ஏற்கெனவே வந்தவருக்கு இறங்குமா என்பது அதன் கேள்வியே இல்லை. பேரன் காட்டியதைப் பார்த்துவிட்டுக் கேட்ட பெரியவரின் கேள்விக்கு அந்தக் கட்டுரையில் பதில் கிடையாது.

எடை குறையும் என்ற செய்தியின் கதை தனி. 2015-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், மோசமான ஆய்வு எவ்வளவு சுலபமாகச் செய்தியாகிவிடுகிறது என்று காட்டுவதற்காகவே ஒரு சோதனையை ஜெர்மனியில் நடத்தினார். மிகச் சில ஆட்கள், ஆனால் எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 அளவீடுகள். இத்தனை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பொருந்திவரும். வந்தது, சாக்லேட் தின்றால் எடை வேகமாகக் குறையும் என்று எழுதினார். ஓர் ஆய்விதழ் அதைச் சரிபார்க்காமல் வெளியிட்டது. ஜெர்மனியின் பில்ட் நாளிதழில் தொடங்கிப் பல நாட்டுப் பத்திரிகைகளில் அது வந்தது. பிறகு அவரே உண்மையை எழுதினார். உண்மை பரவவில்லை. அந்தப் பொய் இன்றும் தமிழில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 70 முதல் 85 சதவீதக் கோகோ உள்ள சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 600 கலோரி, 43 கிராம் கொழுப்பு, 24 கிராம் சர்க்கரை. பால் சாக்லேட்டில் சர்க்கரை 50 கிராமுக்கு மேல் போகும். கலோரி அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டார்க் சாக்லேட்டில் 20 கிராம் தின்றால் 120 கலோரி, ஏறக்குறைய இரண்டு இட்லி தருவது. சர்க்கரை நோயாளிக்கு அது ஓரளவு தாங்கும். அதில் சர்க்கரை 5 கிராம்தான், கூடவே கொழுப்பும் நார்ச்சத்தும் இருப்பதால் அது ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். கோகோக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம். நிறைகொழுப்பாக இருந்தும் அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில்லை. மீதியில் ஏற்றும் வகையும் இருக்கிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்கிறேன்: நாளுக்கு 10 கிராம், மிஞ்சினால் 20, சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள், அன்றைக்கு வேறு இனிப்பு வேண்டாம். மருந்தாக எண்ணிச் சாப்பிட வேண்டாம், பிடித்திருந்தால் சாப்பிடுங்கள். பிடிக்காத ஒருவர் நல்லது என்பதற்காக முகம் சுளித்துத் தின்ன ஒரு தேவையும் இல்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் நம் சந்தையில் இதைவிட மலிவு.

வாங்கும்போது 70 என்றோ 85 என்றோ போட்டிருக்கும் எண், கொட்டையிலிருந்து வந்த பங்கு மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும் சொல்கிறது. அதில் கொழுப்பும் சேர்த்தி. மீதி பெரும்பாலும் சர்க்கரை. ஃபிளவனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே 70 போட்ட இரண்டு கட்டிகளில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். ஆகவே பொருட்பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். டார்க் என்று முகப்பில் பெரிதாக எழுதிவிட்டுப் பட்டியலைச் சர்க்கரையில் தொடங்கும் கட்டிகள் நம் மளிகைக் கடைகளில் நிறைய. அதை வைத்துவிடுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்ததையும் வைத்துவிடுங்கள். கேக் கடைகளில் உருக்கி ஊற்றுவது பெரும்பாலும் அந்த வகைதான், காம்பவுண்ட் என்பார்கள். காரப்பொருள் சேர்த்துப் பக்குவப்படுத்தியது என்று இருந்தால், சுவைக்கு வாங்கலாம், சத்துக்கு வேண்டாம். எழுத்து பொடியாகவும் ஆங்கிலத்திலும் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாங்கிவைத்த கட்டியின் மேல் வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். உருகி மறுபடி உறைந்த கொழுப்பு அது, பூஞ்சை இல்லை.

சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சாக்லேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் மால்டிடால் என்ற இனிப்பு இருக்கும். சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். கொழுப்பு அப்படியேதான் இருக்கும், கலோரியும் பெரிதாகக் குறையாது. நிறையத் தின்றால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கும் ஆகும். சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் முழுக் கட்டி தின்றவர்களின் மறுநாள் காலை அளவைப் பார்த்திருக்கிறேன்.

இனி, பலர் பேசாத பக்கம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் காட்மியமும் ஈயமும் இருந்தன. தினமும் 28 கிராம் தின்றால், 23 கட்டிகளில் இந்த இரண்டு உலோகங்களில் ஒன்றாவது கலிபோர்னியா மாநிலம் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டியது. அந்த வரம்பு மிகக் கடுமையானது, நாளுக்கு ஈயம் 0.5 மைக்ரோகிராம், காட்மியம் 4.1 மைக்ரோகிராம். எப்போதாவது ஒரு துண்டு தின்னும் பெரியவர் கலங்க வேண்டியதில்லை. தினமும் மருந்துபோலத் தின்பவரும் கர்ப்பிணியும் சின்னக் குழந்தையும்தான் கவலைப்பட வேண்டியவர்கள். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்தால் பத்தாண்டுகளுக்கு மேல் வெளியேறாமல் தங்கும்.

காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாகக் கொட்டைக்குள் ஏறுகிறது. தென் அமெரிக்கக் கோகோவில் அது ஆப்பிரிக்கக் கோகோவைவிடப் பொதுவாக அதிகம். ஈயம் வரும் வழி வேறு. புளித்து ஈரமாக இருக்கும் கொட்டையைத் தரையில், பாதையோரத்தில் காயப்போடும்போது புழுதியும் புகையும் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஈயத்தைக் களத்திலேயே குறைக்க முடியும். அப்பா கொட்டையை ஒருநாளும் ரோட்டோரம் போட்டதில்லை. சிமென்ட் களத்தில், துணி விரித்துத்தான் போடுவார். அன்றைக்கு அது வெறும் சுத்தம் என்று நினைத்தேன். அதற்குள் இருந்த ஆரோக்கியத்தின் கணக்கு பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கோகோ வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கோகோவின் பங்கு ஏற ஏற ஃபிளவனால் கூட வாய்ப்புண்டு, காட்மியமும் கூட வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியமே 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் காட்மியத்தை அனுமதித்துவிட்டு, கோகோ குறைந்த பால் சாக்லேட்டில் 0.1-க்கு மேல் கூடாது என்கிறது. 90, 95 என்று ஏறிக்கொண்டே போவது ஆரோக்கியத்தின் படிக்கட்டு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ரத்தம் ஊறும் என்பது இன்னொரு செய்தி. 100 கிராம் டார்க் சாக்லேட்டில் 12 கிராமுக்குப் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்றுகூட ஒரு படத்தில் போட்டிருந்தார்கள். உண்மையில் அது 12 மில்லிகிராம்தான். இரும்பு இருக்கிறது என்பது சரி. ஆனால் கோகோவிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் தாவர இரும்பைக் குடல் உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். தேநீரும் காப்பியும் செய்வதையேதான் கோகோவும் செய்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டு கூடவே சாக்லேட்டோ கோகோ பாலோ சாப்பிடும் பெண்ணுக்கு மாத்திரை பாதி வீண். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

சிறுநீரகத்தில் கல் வந்தவர்களுக்கு டார்க் சாக்லேட் ஆகாது, ஆக்ஸலேட் அதிகம். சிறுநீரகம் பழுதுபட்டுப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். 100 கிராமில் 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இரவில் தின்றால் எதுக்களிக்கும். சிலருக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும், எல்லோருக்கும் இல்லை. காஃபீன் 30 கிராமில் 25 மில்லிகிராமுக்கு உட்பட்டுத்தான்; தூக்கம் லேசானவர்கள் மட்டும் மாலைக்கு மேல் தவிர்க்கலாம். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு ஒரு துண்டுகூடப் போடக் கூடாது. கோகோவிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, டார்க் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம்.

கடைசியாக ஒன்று. இது சாக்லேட்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காத கேள்வி, ஆனால் நானாகவே எல்லோரிடமும் சொல்வது. இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை போடுபவர்களும் திடீரென்று சர்க்கரை இறங்கினால் சாப்பிட என்று கைப்பையில் ஒரு சாக்லேட் வைத்திருப்பார்கள். இப்போது அது டார்க் சாக்லேட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது என்று மேலே நான் நல்லதாகச் சொன்ன அதே கொழுப்பு, இந்த நேரத்தில் எதிரியாகிவிடும். வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும்போது தேவைப்படுவது நிமிடங்களில் ரத்தத்தில் கலக்கும் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பையிலிருக்கும் சாக்லேட்டை வீட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை இன்றைக்கே போட்டுவையுங்கள்.